இரட்டைப் பயனும் இரட்டை நீதியும்

காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தாரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. கப்பலில் வந்திறங்கிய பண்டங்களிலும் கப்பலேறக் காத்திருந்த பண்டங்களிலும் சோழரின் புலிச்சின்னத்தைப் பொறிப்பது அவர்தம் தொழில். வள்ளுவர் வேந்தனின் வருவாய்களுள் ஒன்றாக உல்கினை எண்ணினார். முதலாங் குலோத்துங்கன் 'சுங்கந் தவிர்த்த சோழன்' எனப் பெயர்பெற்றான். இம்மூன்று குறிப்புகளிலும் சுங்கம் என்பது பொருள்வரவு பற்றிய செய்தியே. சுங்கத்தார் கேட்ட கேள்வி 'எவ்வளவு?' என்பது. வணிகன் தன் பண்டத்தைக் கடலுக்கு அப்பால் யாரிடம் சேர்ப்பான், அதனைப் பெற்றவன் அதனால் யாது செய்வான் என்பன அவர்களுடைய கவலைகளாக இருந்தமைக்கு அக்குறிப்புகளிற் சான்றில்லை.

இருபதாம் நூற்றாண்டின் சுங்கம் 'எவ்வளவு?' என்பதோடு 'யாருக்கு?', 'எதற்கு?' என்னும் கேள்விகளையும் சேர்த்துக்கொண்டது. துப்பாக்கியையும் பீரங்கியையும் பற்றி இவ்வாறு கேட்பது எளிது. விடை காண்பதும் எளிது. ஆயின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல்களை நிரப்பி நிற்பன துப்பாக்கிகள் மட்டுமல்ல. பம்பிகள், வால்வுகள், கடைசல் இயந்திரங்கள், இரசாயனங்கள், நுண்ணுயிர் வளர்ப்புகள், கணினிகள் என அப்பட்டியல்கள் நீளும். ஆலைக்கும் பயன்படக்கூடியது, ஆயுதத்துக்கும் பயன்படக்கூடியது என்னும் பொருளில் இவற்றை 'இரட்டைப் பயன்' உடைய பொருள்கள் என்பர். இத்தகைய பொருளொன்றை எல்லைக்கு அப்பால் அனுப்ப விரும்பும் நிறுவனம், அது பட்டியலின் எந்த இலக்கத்தின்கீழ் வருகிறது என முதலில் வகைப்படுத்தல் வேண்டும். அரசாங்கத்திடம் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்தல் வேண்டும். பொருளைத் தானே பயன்படுத்தப்போவதாகவும் வேறொருவருக்குக் கைமாற்றப்போவதில்லை என்றும் கொள்வனவாளரிடமிருந்து இறுதிப் பாவனையாளர் சான்றிதழ் பெறுதல் வேண்டும். இப்பத்திரங்களெல்லாம் துறைமுகத்திலே சரக்கோடு ஒப்புநோக்கப்படும். ஓரெழுத்துப் பிழைத்தாலும் பெட்டி கப்பலேறாது. பொய்யுரைத்தால் உரைத்தவர் சிறை செல்லவும் நேரும்.

இவ்வேற்பாட்டை ஒரு தொழில்நுட்ப விடயமாகவே கருதுவோர் பலர். பட்டியலை நிபுணர்கள் வரைகின்றனர். படிவத்தை ஏற்றுமதியாளர் நிரப்புகிறார். சுங்க அதிகாரி சரிபார்க்கிறார். இதில் அரசியலுக்கு இடமேது என அவர்கள் வினவுவர். சட்டத்துக்கு இணங்கியொழுகுதலே வணிகரின் கடன், அதற்குமேல் ஆராய்வது அவர் வேலையன்று என்றும் கூறுவர். இக்கருத்து தவறானது. தவறானது என்பதைவிட, குற்றம் எங்கே நிகழ்கிறதோ அங்கிருந்து கண்ணை வேறிடத்துக்குத் திருப்பிவிடுவது என்பதே பொருந்தும். ஏனெனில் பொருளுக்கு நோக்கம் என்று ஒன்று இல்லை. குளோரீன் குடிநீரைத் தூய்மையாக்கும். முதலாம் உலகப்போரிலே, 1915இல், அதே குளோரீன் ஈப்பர் களத்திற் படைவீரரைக் கொன்றது. தயோடைகிளைக்கோல் என்னும் இரசாயனம் துணிக்கு வண்ணமேற்றும் தொழிலிலும் மை செய்தலிலும் பயன்படுவது. கடுகு வாயுவின் மூலப்பொருளும் அதுவே. இரட்டைப் பயன் என்பது பண்டத்திற் பொறிக்கப்பட்ட குணமன்று. அது பண்டத்தைப் பார்ப்பவரின் தீர்ப்பு. ஆகவே பார்ப்பவர் யார், எதை வைத்துத் தீர்ப்பளிக்கிறார், அத்தீர்ப்புக்கு யாருக்குக் கணக்குக் காட்டுகிறார் என்பனவே இத்துறையின் முதன்மையான கேள்விகள். இக்கேள்விகளைப் படிவம் கேட்பதில்லை.

ஈராக்கின் வரலாறு இதனைத் துலக்கமாகக் காட்டும். இருபது ஆண்டுகளுக்குட்பட்ட காலத்தில், ஒரே நாட்டுக்கு, ஒரே அரசாங்கங்கள், 'இரட்டைப் பயன்' என்னும் ஒரே கருத்தைக் கையிற் கொண்டு முதலிற் பெரும்பாலானவற்றைக் கொடுத்தன; பின்னர் பெரும்பாலானவற்றை மறுத்தன.

ஈரான்-ஈராக் போர் 1980இல் தொடங்கியது. பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் நாடுகள் எனத் தான் வகுத்திருந்த பட்டியலிலிருந்து ஈராக்கை ஐக்கிய அமெரிக்கா 1982இல் நீக்கியது. அந்நீக்கம் ஏற்றுமதிக் கதவுகளையுந் திறந்தது. போரிலே இரசாயன ஆயுதங்கள் பயன்படுத்தப்பட்டன என்பதை ஐக்கிய நாடுகள் அனுப்பிய நிபுணர் குழு 1984 மார்ச்சில் உறுதிசெய்தது. இதன் விளைவாகவே, இரசாயன ஏற்றுமதிகளைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் 'அவுஸ்திரேலியக் குழு' என்னும் நாடுகளின் கூட்டு 1985இல் உருவாயிற்று. ஆகவே அறியாமை என்னும் சாட்டுக்கு அதன்பின் எவருக்கும் இடமில்லை. ஆயினும் அதே 1980களில் அமெரிக்க வணிகத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரங்களோடு அந்திராக்ஸ் கிருமி, பொட்டுலிச நஞ்சை உண்டாக்குங் கிருமி ஆகியவற்றின் வளர்ப்புகள் அமெரிக்காவிலிருந்து ஈராக்குக்குச் சென்றன. இதனை வெளிக்கொணர்ந்தவர்கள் அமெரிக்காவின் எதிரிகளல்லர். அந்நாட்டுச் செனற் சபைக் குழுவொன்றே, செனற்றர் றீகிளின் தலைமையில், 1994இல் இதனை அறிக்கையிட்டது. கிருமிகளை அனுப்பிய நிறுவனம் சட்டத்துக்கு இணங்கியே ஒழுகியது. படிவங்கள் யாவும் செம்மையாக இருந்தன.

1988 மார்ச் 16ஆந் தேதி ஹலப்ஜா நகரத்துக் குர்திய மக்கள்மீது இரசாயனக் குண்டுகள் வீசப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் விற்பவர் கை சற்றேனும் பின்வாங்கியிருக்கும் என எதிர்பார்ப்பது மனித இயல்பு. பிரித்தானியாவில் நிகழ்ந்ததோ இதற்கு மாறானது.

ஈரானுக்கும் ஈராக்குக்கும் படைக்கலம் சார்ந்த பொருள்களை விற்பதுபற்றி வெளிவிவகார அமைச்சர் ஜெப்றி ஹவ் வகுத்த நெறிகள் 1984 முடிவில் ஏற்கப்பட்டு, 1985 ஒக்டோபரிற் பாராளுமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டன. உயிர்கொல்லும் கருவிகள் இருதரப்புக்கும் விற்கப்படமாட்டா. போரை நீடிக்கவோ உக்கிரப்படுத்தவோ வல்ல கருவிகளுக்கான புதிய கட்டளைகளும் ஏற்கப்படமாட்டா என்பது அவற்றின் சாரம். 1988 ஆகஸ்டிற் போர் நின்றது. அவ்வாண்டு இறுதியில் இளநிலை அமைச்சர் மூவர் கூடி, ஈராக்கைப் பொறுத்தமட்டில் அந்நெறிகளைத் தளர்த்திக்கொண்டனர். இத்தளர்வு பாராளுமன்றத்துக்குச் சொல்லப்படவில்லை. அதுமட்டுமன்று, கொள்கையில் மாற்றமில்லை என்றே உறுப்பினர்களின் வினாக்களுக்கு விடை தரப்பட்டது.

கொவென்றி நகரிலிருந்த மற்றிக்ஸ் சேர்ச்சில் என்னும் நிறுவனம் கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரங்களைச் செய்தது. 1987இல் அது ஈராக்கியரின் உடைமையாயிற்று. அவ்வியந்திரங்கள் ஈராக்கில் எறிகணை உறைகளைக் கடைவதற்குப் பயன்படும் என்பது பிரித்தானியப் புலனாய்வுத் துறைக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தது என்பதில் ஐயமில்லை. ஏனெனில் அந்நிறுவனத்தின் முகாமைப் பணிப்பாளரே அத்துறைக்குத் தகவல் கொடுத்துவந்தவர். விண்ணப்பங்களிலோ 'பொதுப் பொறியியற் பணி' என்றே எழுதப்பட்டது. அவ்வாறு எழுதுவதற்கு ஊக்கங்கொடுத்தவர் யார்? 1988 தொடக்கத்தில் இயந்திர உற்பத்தியாளரைச் சந்தித்து, குடிசார் பயனையே வலியுறுத்துமாறு புத்திசொன்னவர் வணிக அமைச்சிலிருந்த அலன் கிளார்க். மாணவனுக்கு விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பின்னர் பார்த்தெழுதினான் என்று அவனை மண்டபத்திலிருந்து வெளியேற்றும் பரீட்சை மேற்பார்வையாளர் எவரேனும் இருப்பின், அவருக்கு இவ்வமைச்சரசை ஒப்பிடலாம்.

வெளியேற்றம் பின்னர் வந்தது. 1990 ஏப்ரலில் டீஸ்போட் துறைமுகத்தில் பிரித்தானியச் சுங்கத்தார் பெரும் உருக்குக் குழாய்களைக் கைப்பற்றினர். பெற்றோலிய இரசாயன ஆலைக்கானவை எனப் பத்திரங்களில் விவரிக்கப்பட்ட அக்குழாய்கள், ஜெரால்ட் புல் என்னும் பொறியியலாளர் ஈராக்குக்காக வடிவமைத்த மாபெரும் பீரங்கியின் பகுதிகள். புல் அதற்கு முந்திய மாதம் பிரசெல்ஸ் நகரிற் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். குழாய்களைப் பற்றிய ஐயத்தை ஒரு பாராளுமன்ற உறுப்பினர் 1988இலேயே அரச திணைக்களங்களுக்கு அறிவித்திருந்தார் என்பது ஈண்டு நோக்கற்பாலது. கரையிலே நின்று குழாயைத் தட்டிப்பார்த்த சுங்க உத்தியோகத்தர் தம் கடமையைச் செய்தார். இரண்டாண்டுகளாகத் தம் மேசையிற் கிடந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதவர்கள் தம் கடமையைச் செய்தனரா என்பது வேறு கேள்வி.

மற்றிக்ஸ் சேர்ச்சில் நிறுவனத்தின் அதிகாரிகள் மூவர்மீதும் சுங்கத் திணைக்களமே வழக்குத் தொடுத்தது. அரசாங்கத்தின் அறிவு எவ்வளவு என்பதைக் காட்டும் ஆவணங்கள் அவர்களின் எதிர்வாதத்துக்கு இன்றியமையாதவை. அவ்வாவணங்களை வெளியிடுவது பொதுநலனுக்குக் கேடு எனச் சான்றுப்பத்திரங்களில் அமைச்சர் நால்வர் கையொப்பமிட்டனர். குற்றமற்றவர் என நிறுவக்கூடிய தாள்களை மறைத்து மூவரைச் சிறைக்கு அனுப்புவதிலே எந்தப் பொதுவுக்கு எந்த நலன் இருந்தது? நீதிபதி ஆவணங்களுட் பலவற்றை வெளியிடப் பணித்தார். சாட்சிக் கூண்டில் ஏறிய அலன் கிளார்க், தமது முந்திய கூற்று உண்மை முழுவதையும் சொல்லவில்லை என்பதைக் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். 1992 நவம்பரில் வழக்குச் சரிந்தது. நீதிபதி றிச்சர்ட் ஸ்கொட் தலைமையில் விசாரணை அமைக்கப்பட்டது.

அவ்விசாரணை தொட்ட ஒரு செய்தி பரவலாக அறியப்படவில்லை. இவ்வளவு காலமும் பிரித்தானியாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு அடிப்படையாக இருந்த சட்டம் 1939இல், உலகப்போர் மூண்ட வேளையில், அவசரகாலத்துக்கென இயற்றப்பட்டது. போர் முடிந்தது; பேரரசு கரைந்தது; சட்டம் கரையவில்லை. 1990இல் அதன் காலவரம்பும் நீக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரும்வரை, எப்பொருளைத் தடுப்பது, எதை விடுவது என்னும் அதிகாரம் பாராளுமன்றத்தின் பயனுள்ள மேற்பார்வை இன்றி அமைச்சர் கையிலேயே கிடந்தது. தற்காலிகம் என்னுஞ் சொல்லுக்குச் சட்டப் புத்தகத்திலே எத்துணை நெடிய ஆயுள் உண்டு என்பதை, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தை அறிந்த இலங்கை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

1990 ஆகஸ்ட் 2ஆந் தேதி ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தது. நான்கு நாள்களில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 661ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றி முழுமையான வணிகத் தடையை விதித்தது. சபையின் பதினைந்து உறுப்பினரையுங் கொண்ட குழுவொன்று தடையை நிருவகித்தது. அக்குழு மூடிய கதவுக்குள் கூடியது. பதினைவரும் ஒருமித்தாலன்றிப் பொருள் செல்லாது. ஆகவே ஒருவர் கை உயர்த்தினாற் போதும், பொருள் நின்றுவிடும். நிறுத்துதலுக்கு நுணுக்கமான காரணங்காட்டல் வேண்டும் என்னும் கட்டாயம் நடைமுறையில் இருக்கவில்லை. 1991ஆம் ஆண்டுப் போரில் ஈராக்கின் மின்னிலையங்கள் தகர்க்கப்பட்டமையால் நீர் சுத்திகரிப்பும் கழிவுநீர் அகற்றலும் நிலைகுலைந்திருந்தன. எண்ணெய் விற்ற பணத்தைக் கொண்டு உணவும் மருந்தும் வாங்க வழிசெய்த திட்டம் 1995இல் தீர்மானிக்கப்பட்டு, 1996 இறுதியிலேயே இயங்கத் தொடங்கியது. அதன்பின்னரும், ஈராக்கின் சொந்தப் பணத்தால் வாங்கப்படவிருந்த மின்சார, நீர் வழங்கல், தொலைத்தொடர்புச் சாதனங்கள் 'இரட்டைப் பயன்' என்னும் ஐயத்தால் நிறுத்திவைக்கப்பட்டன. 2002இன் நடுப்பகுதியில் இவ்வாறு நின்றவற்றின் பெறுமதி 500 கோடி டொலருக்கும் மேற்பட்டது. அவற்றிற் பெரும்பாலானவற்றை நிறுத்தியது ஐக்கிய அமெரிக்கா.

நிறுத்தப்பட்டவற்றுள் ஒன்றைமட்டும் தனியே எடுத்துக்கூறல் வேண்டும். 2001இன் தொடக்கத்தில், ஈரல் அழற்சி, ஏற்புவலி, தொண்டைக்கரப்பன் ஆகியவற்றிலிருந்து குழந்தைகளைக் காக்குந் தடுப்பு மருந்துகளை அமெரிக்கா நிறுத்திவைத்திருந்தது. அவற்றில் வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமிகள் உள்ளன, அவை ஆயுதத்துக்குப் பயன்படலாம் என்பது கூறப்பட்ட காரணம். உயிரியல் நிபுணர் எதிர்த்தனர், செய்தி வெளியாயிற்று, அதன்பின் தடை விலகியது. அந்திராக்ஸ் வளர்ப்புக்கு அனுமதிப்பத்திரம் வழங்கிய அரசாங்கமும் குழந்தையின் தடுப்பூசி மருந்தை ஆயுதமெனக் கண்ட அரசாங்கமும் ஒன்றே. இடைப்பட்ட காலம் பதினைந்து ஆண்டுகளளவு. கிருமிகளின் இயல்பு இக்காலத்தில் மாறவில்லை. பக்தாத்தின் ஆட்சியாளரும் மாறவில்லை. அவர் யாருக்கு நண்பர் என்பதே மாறியது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இத்தடையினால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து இலட்சம்பேர் மாண்டனர் என்னுங் கணக்கு மேடைகளில் இன்றும் முழங்கப்படுகிறது. அது 1999ஆம் ஆண்டின் ஓர் அளவீட்டிலிருந்து பெறப்பட்டது; ஈராக்கிய அரசு அவ்வளவீட்டுத் தரவுகளைத் திரித்திருந்தது என்பது பின்வந்த ஆய்வுகளாற் புலனாயிற்று. 2017இல் வெளியான ஆய்வொன்று இதனை விரிவாகவே எடுத்துக்காட்டியது. பொய்க்கணக்கின்மீது எழுப்பிய நியாயம், கணக்கு விழும்போது தானும் விழும். தடையினால் மக்கள் நலிந்தனர் என்பதற்கு அக்கணக்கு தேவையில்லை. ஈராக்கில் ஐக்கிய நாடுகளின் மனிதாபிமானப் பணிகளுக்குப் பொறுப்பாயிருந்த டெனிஸ் ஹலிடே 1998இலும், அவருக்குப் பின்வந்த ஹான்ஸ் வொன் ஸ்பொனெக் 2000இலும் தடையைக் கண்டித்துப் பதவி துறந்தமை போதிய சான்று. அவர்கள் காகிதத்தைப் பார்த்தவர்களல்லர், மருத்துவமனைகளைப் பார்த்தவர்கள். 2003இன் படையெடுப்புக்குப் பின் அமெரிக்காவே அமைத்த ஆய்வுக் குழு, தேடப்பட்ட பேரழிவு ஆயுதக் கையிருப்புகள் இருக்கவில்லை என 2004இல் அறிக்கையிட்டது.

'இரட்டைப் பயன்' என்னும் நியாயம் எல்லைதாண்டும் வணிகத்தோடு நின்றுவிடுவதன்று. 1990களில் இலங்கையின் வடபகுதிக்குச் சென்ற பொருள்கள் இதே நியாயத்தாற் சலிக்கப்பட்டன. பற்றறியால் வானொலி இயங்கும், கண்ணிவெடியும் இயங்கும். யூரியாவால் நெல் விளையும், வெடிமருந்தும் ஆகும். சீமெந்தால் வீடெழும்பும், பதுங்குகுழியும் எழும்பும். இவற்றுள் எதுவுமே பொய்யன்று. ஆயினும் சைக்கிளை மிதித்து மின்பிறப்பித்து அதிலே செய்தி கேட்டவர்களும் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டியவர்களும், அந்நியாயம் யார் தலையில் இறங்கியது என்பதை அறிவர். 2007இன் பின்னர் காசாவுக்குச் செல்லும் சீமெந்தும் உருக்கும் அடைந்த கதியும் இதுவே.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, ஏற்றுமதிக் கட்டுப்பாடு முழுவதும் ஏகாதிபத்தியத்தின் சூழ்ச்சி, அதனை ஒழித்துவிடுதலே தீர்வு என முடிவுகட்டுவோரும் உளர். பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் இவ்வாதம் எளிதிற் கைதட்டல் பெறும். ஆயின் ஹலப்ஜாவின் மக்கள் அதற்குக் கைதட்டமாட்டார். ஒல்லாந்து வணிகரான பிரான்ஸ் வான் அன்ராட் 1980களில் தயோடைகிளைக்கோலைப் பெருந்தொகையாக ஈராக்குக்கு விற்றார். துணித் தொழிலுக்கு என்றே எண்ணியதாக அவர் வாதாடினார். அவர் அறிந்தே விற்றார் எனக் கண்ட ஹேக் நகர நீதிமன்றம், போர்க்குற்றங்களுக்கு உடந்தையாயிருந்தமைக்காக 2005இல் அவருக்குப் பதினைந்து ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் 2007இல் அது பதினேழாக உயர்ந்தது. இத்தீர்ப்புச் சரியானது. இரட்டைப் பயன் என்பது வெறுங்கற்பனையாக இருந்தால் அவரைத் தண்டித்திருக்க முடியாது. துறைமுகத்திலே எவரும் எதையும் கேளாத உலகிலே முதலிற் கொல்லப்படுபவர் குர்தியர் போன்ற நாடற்ற எளிய மக்களே.

ஆகவே கேள்வி கேட்பது தவறன்று. கேள்வி கீழ்நோக்கி மட்டும் கேட்கப்படுவதே தவறு. வணிகரும் அவரது எழுதுவினைஞரும் சுங்கமுகவரும் தாம் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பல்லாண்டுகள் பொறுப்பாளிகள். ஆவணங்களைப் பேண வேண்டும். எப்போது கேட்டாலும் காட்ட வேண்டும். 'தெரியாது' என்பதை எதிர்வாதமாகக் கொள்வது அவர்களுக்கு அரிது. அனுமதிப்பத்திரத்திற் கையொப்பமிட்டவருக்கு இவற்றுள் எது உண்டு? அந்திராக்ஸை அனுப்ப அனுமதித்த கையொப்பத்துக்காக எவர் குற்றக்கூண்டில் நின்றார்? தடுப்பு மருந்தை நிறுத்திய கைக்குக் காரணத்தை எழுத்திலே தரும் கடமையேனும் இருந்ததா? இறுதிப் பாவனையாளரிடம் சான்றிதழ் கேட்கப்படுகிறது. முதல் அனுமதியாளரிடம் எவரும் சான்றிதழ் கேட்பதில்லை.

இது தொலைதூர நாடுகளின் விவகாரமென இலங்கையர் ஒதுங்கிநிற்றலும் இயலாது. 2004இற் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1540ஆம் இலக்கத் தீர்மானம், பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான பொருள்களின் ஏற்றுமதியையும் இடைவழிப் போக்கையும் மீள்கப்பலேற்றத்தையும் கட்டுப்படுத்துமாறு எல்லா நாடுகளையும் பணித்தது. மீள்கப்பலேற்றமே கொழும்புத் துறைமுகத்தின் உயிர்த்தொழில். ஒரு கப்பலிலிருந்து இறங்கி மறு கப்பலில் ஏறும் பெட்டிக்குள் இருப்பது என்ன என்று கேட்கும் கடமை கொழும்பின் சுங்கத்தார்மீதும் சுமத்தப்பட்டுள்ளது. அவர்கள் எந்தப் பட்டியலைக் கையிற்கொண்டு கேட்பது? 1996இல் உருவான வசனார் உடன்பாட்டில் நாற்பத்திரண்டு நாடுகள் பங்காளிகள். இலங்கை அவற்றுள் ஒன்றன்று. அவுஸ்திரேலியக் குழுவிலும் இலங்கைக்கு இருக்கையில்லை. பட்டியல் வரையும் மேசை சிறியது. பட்டியலைச் சுமக்கும் தோள்களோ உலகமெங்கும் உள்ளன. அம்மேசையைச் சுற்றி இருப்போருள் உலகின் பெரும் ஆயுத ஏற்றுமதியாளரும் அடங்குவர். கள்ளுக்கடைக்காரரே மதுவிலக்குச் சபையிற் பெரும்பான்மை வகித்தால் தீர்மானங்கள் எப்படி அமையும் என்பதை ஊகிக்கலாம். அமெரிக்கா 2022 ஒக்டோபரிற் சீனாவுக்கான உயர்வகைக் கணினிச் சில்லுகளின்மீது விதித்த கட்டுப்பாடுகள் வந்தபோது, படைப்பலம் பற்றிய அச்சம் எங்கே முடிகிறது, தொழிற்போட்டி எங்கே தொடங்குகிறது என்பதைப் பிரித்துக்காட்ட வெளியார் எவராலும் இயலவில்லை.

கேட்கப்படவேண்டியவை அசாத்தியமானவையல்ல. அனுமதியும் மறுப்பும் காரணத்தோடு எழுத்திலே பதியப்படல் வேண்டும். குறித்த காலத்தின்பின் அப்பதிவு தானாகவே வெளியாதல் வேண்டும். மறுக்கப்பட்டவர் மேன்முறையிடுதற்குச் சுதந்திரமான மன்று ஒன்று இருத்தல் வேண்டும். மருந்து, குடிநீர், உணவு ஆகியவற்றுக்கான பொருளைத் தடுக்க விரும்பும் அரசே ஐயத்தை நிறுவும் சுமையை ஏற்றல் வேண்டும். இன்று அச்சுமை நோயாளியின் பக்கத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பொய்ப் பத்திரம் கொடுத்த வணிகருக்கு உரிய தண்டனை, பொய்யென அறிந்தே அதனை ஏற்ற அமைச்சருக்கும் உரியதாதல் வேண்டும்.

புலனாய்வுச் செய்திகளை வெளியிட்டால் ஆயுதம் தேடுவோர் விழிப்படைவர், ஆகவே மறைவு இன்றியமையாதது என்பது இதற்குச் சொல்லப்படும் விடை. ஓரளவுக்கு இது மெய். தகவல் தந்தவரின் பெயரை எவரும் கேட்கவில்லை. ஆயின் மற்றிக்ஸ் சேர்ச்சில் வழக்கில் மறைவு யாரைக் காத்தது? தகவல் தந்தவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார். மறைக்கப்பட்ட தாள்கள் அவரைக் காக்கவில்லை. அவரைக் கைவிட்டவர்களையே காத்தன. மறைவு வேண்டுவோர் இவ்வொரு வழக்குக்கேனும் விடைகூறிவிட்டு மேலே பேசுதல் முறை.

ஸ்கொட் அறிக்கை 1996 பெப்ரவரி 15ஆந் தேதி வெளியாயிற்று. ஐந்து தொகுதிகள் கொண்ட அவ்வறிக்கையைப் படித்துணர எதிர்க்கட்சியின் பேச்சாளருக்கு வழங்கப்பட்ட அவகாசம் ஒருசில மணிநேரமே. அரசாங்கத்தின் கொள்கைபற்றிப் பாராளுமன்றத்துக்கு உரியவாறு அறிவிக்கப்படவில்லை என அதிலே எழுதப்பட்டிருந்தது. பதினொரு நாள்களின்பின் பொதுச்சபை அதனை விவாதித்தது. அரசாங்கத்துக்கு ஆதரவாக 320 வாக்குகள், எதிராக 319. அமைச்சர் எவரும் பதவி விலகவில்லை.